ஒஃபர் லெட்டர் வந்துவிட்டது, இருக்கிற வேலையை விடலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஊரிலேயே ஒரு கடையில் மூன்று வருடமாகக் கணக்கு வேலை பார்க்கிறார். கொழும்புக் கம்பனி ஒன்றின் மட்டக்களப்புக் கிளைக்கு இன்டர்வியூ போய்த் தெரிவாகி, ஈமெயிலில் ஒஃபர் லெட்டர் வந்திருக்கிறது. ஏழு நாளுக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், அடுத்த மாதம் முதலாம் திகதி வேலைக்கு வர வேண்டும். நியமனக் கடிதம் எப்போது என்று கேட்டதற்கு "சேர்ந்த பிறகு தருவோம்" என்றார்களாம். "ரெண்டும் ஒண்டுதான் மகள், கடையில சொல்லிப்போட்டு நில்" என்கிறார் அப்பா. இரண்டும் ஒன்றா, கடையில் இப்போதே சொல்லிவிடலாமா என்பதுதான் கேள்வி.

ஒன்றில்லை தங்கச்சி. கடையில் இன்னும் சொல்ல வேண்டாம். முதலில் ஒரு ஈமெயில் அனுப்ப வேண்டியிருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்று கீழே சொல்கிறேன்.

அப்பா அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் நியமனக் கடிதம் என்றாலே அரச உத்தியோகம்தான் நினைவுக்கு வரும். அதற்காகத்தான் 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பில் மாதக்கணக்காகத் தெருவோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அரசாங்கத்தில் ஒஃபர் லெட்டர் என்று தனியாக ஒன்று வருவதில்லை. பரீட்சை, நேர்முகம், பெயர்ப்பட்டியல், பிறகு ஒரேயொரு கடிதம். எந்தச் சேவை, எந்தத் தரம், என்ன சம்பளப் படிநிலை, மூன்று வருடத் தகுதிகாண் காலம், வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். சொன்ன திகதியில் கடமையைப் பொறுப்பேற்காவிட்டால் நியமனம் ரத்தாகும் என்றும் அதிலேயே எழுதியிருக்கும். அந்தக் கடிதத்தை நம்பி இருக்கிற வேலையை விட்டவர்கள் பெரும்பாலும் ஏமாந்ததில்லை. தனியார் கம்பனி அந்த ஒரே கடிதத்தை இரண்டாகப் பிரித்து, நடுவில் சில வாரங்கள் இடைவெளி விடுகிறது. நான் பார்த்தவரையில் ஆட்கள் அடிபடுவது அந்த இடைவெளியில்தான்.

ஒஃபர் லெட்டர் என்பது "இந்த வேலையை, இந்தச் சம்பளத்துக்கு, உங்களுக்குத் தர விரும்புகிறோம், சம்மதமா?" என்ற கேள்வி. நீங்கள் சம்மதம் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால் அதுவும் ஒப்பந்தம்தான், வெறும் கடதாசி என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அநேகமாக எல்லா ஒஃபர் லெட்டரிலும் நிபந்தனை இருக்கும். உங்களுடையது ஆங்கிலத்தில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். 'சப்ஜெக்ட் டு' என்ற சொல் எங்கே வருகிறது என்று விரலை வைத்துத் தேடிப் பாருங்கள். அதற்குப் பின்னால் எழுதியிருப்பதெல்லாம் நிறைவேறினால்தான் வேலை என்று அர்த்தம். சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை, பழைய வேலையிடத்தில் விசாரிப்பு, இந்த மூன்றும் வழக்கமாக வரும். மூன்றாவதில் மட்டும் கவனமாக இருங்கள். நீங்கள் முதலாளியிடம் வாய் திறப்பதற்கு முன்பே கொழும்பிலிருந்து அவருக்குப் போன் போனால் இருக்கிற இடத்தில் சங்கடமாகிவிடும். நான் சொன்ன பிறகு விசாரியுங்கள் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள், அதைத் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் அனுபவமும் ஒரு காரணம். 2011இல் நான் கல்முனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்த்தேன். யுத்தம் முடிந்து, கம்பனிகள் கிழக்கில் வரிசையாகக் கிளை திறந்த காலம். ஒரு கம்பனியிலிருந்து ஒஃபர் லெட்டர் வந்தது. சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கடையில் சொல்லி, மாதம் முடிய விலகிவிட்டேன். சேரவேண்டிய நாளுக்கு நான்கு நாள் முன்னால் போன் வந்தது: கிளை திறப்பது தள்ளிப்போகிறது, பிறகு அறிவிப்போம். கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். இரண்டாம் பந்தியின் கடைசி வரியில், கிளை ஆரம்பிக்கும் திகதிக்கு உட்பட்டது என்று இருந்தது. முதல் நாள் வாசித்தபோது சம்பளத்தைப் பார்த்தேனே தவிர அந்த வரியை நின்று வாசிக்கவில்லை. கிளை திறக்கவேயில்லை. கடை முதலாளி நல்ல மனிசன், ஆனால் அதற்குள் என் இடத்துக்கு வேறொரு பையனை எடுத்துவிட்டார். ஐந்து மாதம் வீட்டில் இருந்தேன். அந்தக் கடிதம் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆளணிப் பிரிவில் சேர்ந்து இந்த மாதிரிக் கடிதங்களை நானே தயாரித்துக் கொடுக்கிறேன். கையெழுத்திட வருகிறவர்களிடம் அந்த நிபந்தனை வரியை வாய்விட்டு வாசிக்கச் சொல்லாமல் பேனையைக் கொடுப்பதில்லை.

சரி, அந்த ஈமெயிலுக்கு வருவோம். ஏழு நாளுக்குள் பதில் கேட்கிறார்கள் என்பதற்காக ஏழு நாளுக்குள் வேலையை விடவேண்டும் என்றில்லை. சம்மதம் சொல்வது வேறு, இராஜினாமாக் கொடுப்பது வேறு. கிட்டத்தட்ட இப்படி எழுதலாம்:

"உங்கள் ஒஃபரை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன். தற்போதைய வேலையிடத்துக்கு நான் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். கடிதத்தில் குறிப்பிட்ட சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை ஆகிய நிபந்தனைகள் நிறைவேறிவிட்டதாக எழுத்தில் அறியத் தந்தால் அன்றே என் இராஜினாமாவைக் கொடுத்து, அதிலிருந்து ஒரு மாதத்தில் கடமைக்கு வருவேன். பழைய வேலையிட விசாரிப்பை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். சேரும் நாளிலேயே நியமனக் கடிதம் கிடைக்குமா என்பதையும், அதன் மாதிரியை முன்கூட்டிப் பார்க்க முடியுமா என்பதையும் தெரிவியுங்கள்."

அந்தக் கடைசி வரியை எழுதக் கூச்சப்பட வேண்டாம். கடை, அலுவலக ஊழியர்களுக்கென்று 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வேலைக்கு எடுக்கிற நாளிலேயே வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அது முதலாளிக்குச் சொல்கிறது. பதவி என்ன, நியமனம் எந்த வகை, எந்தத் திகதியிலிருந்து, சம்பளம் எவ்வளவு, எத்தனை நாளுக்கொருமுறை, தகுதிகாண் காலம் எவ்வளவு, வேலை நேரம், லீவு, ஓ.டி. என்கிற மேலதிக நேர வேலைக்கான விகிதம், சேமலாப நிதி, எந்தச் சூழலில் வேலையிலிருந்து நிறுத்தலாம் என்பதெல்லாம் அதில் வரவேண்டும். "சேர்ந்த பிறகு தருவோம்" என்று அவர்கள் சொன்னது முதல் நாள் காலையில் மேசையில் வைத்துத் தருவது என்றால் பிரச்சினையில்லை. மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து என்றால் அது சட்டத்துக்குப் பொருந்தாது. அந்த இடத்தில் நிறைய யோசியுங்கள்.

நியமனக் கடிதம் வந்ததும் ஒஃபர் லெட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிடுங்கள். பல கம்பனிகளின் நியமனக் கடிதத்தில், இதற்கு முன் நடந்த பேச்சுகளுக்கும் கடிதங்களுக்கும் பதிலாக இதுவே செல்லுபடியாகும் என்று ஒரு பந்தி இருக்கும். அதாவது ஒஃபர் லெட்டரில் சொன்ன பெற்றோல் காசு, போன் பில், ஆறு மாதத்தில் சம்பள உயர்வு எதுவும் நியமனக் கடிதத்தில் இல்லாவிட்டால், நீங்கள் கையெழுத்து வைத்த பிறகு அதைக் கேட்டு வாங்குவது மிகவும் கஷ்டம். வாயால் சொன்ன மனேஜர் அடுத்த வருடம் இடமாற்றம் கிடைத்துப் போய்விடுவார். அந்தக் கடிதம்தான் உங்களிடம் மிஞ்சும்.

சம்பள வரியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒஃபர் லெட்டரில் அநேகமாக மொத்தத் தொகை போட்டிருக்கும், நியமனக் கடிதத்தில் அது பிரிந்து வரும். 75,000 ரூபா என்று சொன்னது அடிப்படைச் சம்பளம் 40,000, மிச்சம் பலவிதக் கொடுப்பனவுகள் என்று பிரிந்தால் உங்களுக்கு என்ன வித்தியாசம்? ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எஃப்.) முதலாளி இன்னும் 3 வீதம். 40,000 ரூபாவை வைத்துக் கணக்குப் பார்த்தால் உங்கள் பெயரில் மாதம் 8,000 ரூபா ஈ.பி.எஃப்.இல் சேரும், 1,200 ரூபா ஈ.டி.எஃப்.இல் சேரும். அடிப்படைச் சம்பளம் கூடினால் இதுவும் கூடும். சில இடங்களில் முதலாளி கட்டவேண்டிய 15 வீதத்தையும் சேர்த்து மொத்தச் சம்பளம் என்று காட்டுவார்கள். ஆகவே கையில் எவ்வளவு வரும், அடிப்படை எவ்வளவு என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். 'அப் டு', அதாவது 'இவ்வளவு வரை', என்ற சொல் சம்பளத்துக்கு முன்னால் இருந்தால் அந்தத் தொகையை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிட வேண்டாம். பாசிக்குடாவில், அறுகம்பேயில் ஹோட்டல் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதை விசேஷமாகச் சொல்கிறேன். சேவிஸ் சார்ஜையும் சேர்த்து ஒரு நல்ல தொகை சொல்வார்கள். சீசன் முடிந்து வெள்ளைக்காரர் வராத மாதங்களில் அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் கைக்கு வரும்.

அடுத்தது திகதி. நியமனத் திகதி என்று போடுகிற அந்த ஒரு வரி, பல வருடம் கழித்துப் பெரிய காசாகப் பேசும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் நிறைவாக வேலை செய்து விலகினால், ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். கடைசிச் சம்பளம் 60,000 என்றால் ஐந்து வருடத்துக்கு 150,000 ரூபா. இப்போது பாருங்கள்: முதல் வருடம் பயிற்சி என்று வேலை வாங்கிவிட்டு, ஒரு வருடம் கழிந்த பிறகு திகதி போட்டு நியமனக் கடிதம் கொடுக்கிறார்கள். ஐந்து வருடம் உழைத்து நீங்கள் விலகும்போது கடிதத்தின்படி நான்கு வருடம்தான். கணக்கில் ஒரு ரூபாவும் இல்லை என்பார்கள். அப்படி வந்தால் முதல் மாதச் சம்பளச் சிட்டையும் ஈ.பி.எஃப். பதிவும்தான் உங்களுக்குச் சாட்சி. அதனால் முதல் சம்பளத்திலிருந்தே ஈ.பி.எஃப். பிடிக்கிறார்களா என்று பாருங்கள். தகுதிகாண் காலத்தில் ஈ.பி.எஃப். இல்லை, நிரந்தரமானதும் கட்டுவோம் என்று சொல்கிற இடங்கள் எங்கள் ஊரில் நிறைய. அது சரியில்லை. தற்காலிகமோ, பயிற்சியோ, முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும்.

லீவுக்கும் திகதி முக்கியம். அதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதல் வருடத்தில் எந்த மாதம் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்து அடுத்த வருடத்து வருடாந்த லீவு மாறும். மார்ச் முடிவதற்குள் சேர்ந்தால் 14 நாள், ஏப்ரல் முதல் ஜூன் வரை 10, ஜூலை முதல் செப்டெம்பர் வரை 7, அதற்குப் பிறகு 4. ஆகவே சேரும் நாளை ஒன்றிரண்டு நாள் முன்பின் மாற்ற இடமிருந்தால் கலண்டரைப் பார்த்து மாற்றுங்கள். வேலை நேரம் நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி. அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு ஓ.டி.

தகுதிகாண் காலம் தனியாரில் வழக்கமாக ஆறு மாதம். அந்தக் காலத்தில் நிறுத்துவது கம்பனிக்குச் சுலபம், நீங்கள் விலகுவதும் சுலபம். ஆறு மாதம் முடிந்ததும் நிரந்தரமாக்கிய கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். தராமல் 'நீட்டியிருக்கிறோம்' என்று சொன்னால் அதையும் எழுத்தில் கேளுங்கள். இதற்குப் பின்னால் இன்னொரு சட்டம் நிற்கிறது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஒரு வருடத்துக்குள் 180 நாளுக்குக் குறையாமல் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அது. அநியாயமாக நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது இந்தக் கடிதங்கள்தான்.

பெண் பிள்ளை என்பதால் இடமாற்ற வரியையும் பாருங்கள். ஒஃபர் லெட்டரில் மட்டக்களப்புக் கிளை என்று இருக்கும். நியமனக் கடிதத்தில், கம்பனியின் எந்தக் கிளைக்கும் மாற்றலாம் என்று இருக்கும். களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரலாம், வவுனியாவுக்கு முடியாது. முதல் இரண்டு வருடம் மாற்றுவதில்லை என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்கச் சொன்னவர்களில் சிலருக்கு அது கிடைத்திருக்கிறது. ஆனால் அதைக் கேட்கிற நேரம் ஒஃபர் லெட்டருக்குப் பதில் எழுதுகிற இந்த ஏழு நாள்தான். உங்களைத் தெரிவு செய்துவிட்டார்கள், நீங்கள் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. பேரம் பேச உங்களுக்கு இதைவிட நல்ல நேரம் வராது. நியமனக் கடிதம் மேசைக்கு வந்த பிறகு, பழைய வேலையையும் விட்டுவிட்டு, எதையும் மாற்றச் சொல்லிக் கேட்கிற தைரியம் யாருக்கும் வருவதில்லை.

பாண்ட் என்று ஒரு கடதாசி சேர்த்துத் தந்தால், எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு கட்டவேண்டும் என்று இரண்டையும் வாசிக்காமல் ஒப்பமிட வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழைக் காட்டுங்கள், போட்டோக் கொப்பியைக் கொடுங்கள், ஒரிஜினலை வைத்துவிட்டு வர வேண்டாம். கடிதம் ஆங்கிலத்தில் இருந்து விளங்காவிட்டால், விளங்கவில்லை என்று சொல்லித் தமிழில் விளக்கம் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அப்பாவின் தம்பி டுபாய் போகப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அவருக்கும் இரண்டு வரி. அமீரகத்தில் 2016இலிருந்து ஒஃபர் லெட்டருக்கே அரசாங்கப் படிவம் இருக்கிறது. அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்கு விளங்குகிற மொழியிலும் அது இருக்க வேண்டும், தமிழிலும் எடுக்கலாம். அங்கே போனதும் கையெழுத்திடுகிற ஒப்பந்தம் அந்த ஒஃபருக்கு ஒத்திருக்க வேண்டும், குறைக்க முடியாது. அதனால் ஏஜென்சிக்காரர் வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை நம்பாமல், அந்தப் படிவத்தை வாங்கி, ஒரு கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு விமானம் ஏறச் சொல்லுங்கள்.

கடைசியாக நீங்கள் இப்போது வேலை செய்கிற கடை. அங்கே கடிதமே தரவில்லை, அதனால் எனக்கு உரிமை ஒன்றும் இல்லைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். காத்தான்குடியிலும் கல்முனையிலும் எத்தனையோ கடைகளில் பத்து வருடம் கடிதமில்லாமல் வேலை செய்கிறவர்களை எனக்குத் தெரியும். கடிதம் தராதது முதலாளியின் தவறு, அதற்காக உங்கள் உரிமை போய்விடாது. மூன்று வருடத்து ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். இரண்டும் உங்களுக்கு உரியவை. 2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா என்பதும் அந்தக் கடைக்கும் சேர்த்துத்தான். அடையாள அட்டையைக் கொண்டு மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்துக்கு ஒருநாள் போய், உங்கள் பெயரில் பணம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழாமல் இருந்தால் விலகுவதற்கு முன்பே முதலாளியிடம் பேசுங்கள். மூன்று வருடம் ஒழுங்காகக் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர் நீங்கள், உரிமையோடு கேட்கலாம். போகும்போது எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு சேவைச் சான்றுக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய கம்பனிக்கும் அது தேவைப்படும்.

ஈமெயிலைத் திங்கட்கிழமை காலையிலேயே அனுப்புங்கள், ஏழாவது நாள் வரை வைத்திருக்க வேண்டாம். நியமனக் கடிதத்தின் மாதிரி வந்தால் கம்பனிப் பெயரையும் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தையும் மறைத்து எனக்கு அனுப்புங்கள். சம்பளப் பிரிவையும் இடமாற்ற வரியையும் நான் பார்த்துச் சொல்கிறேன்.